அந்த கேஸ் எங்கே போனது?



நம் திருச்சி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை பிறந்துவிட்டால் தென்னூர் உழவர் சந்தைக்குப் போய் வருவதற்குள் தலை சுற்றுகிறது. கார் ஏசி நின்றுபோனால், "கேஸ் போயிடுச்சு, நிரப்பிடலாம்" என்பார்கள். நாமும் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். போன கேஸ் எங்கே போனது என்று நாம் கேட்பதில்லை. கேட்டவர் ஒரு தமிழர். அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பழைய கதை. தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார், அமெரிக்காவின் பேக்கார்டு, 1940 மாடல். அதில் கம்ப்ரசருக்கு கிளட்ச் கிடையாது. இன்ஜின் ஓடினால் கம்ப்ரசரும் ஓடும். ஏசி வேண்டாமென்றால் இன்ஜினை நிறுத்தி, இறங்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! கிளட்ச்சும், அதைக் காவல் காக்கும் பிரஷர் ஸ்விட்ச்சும் பிறகு வந்தவை.

இந்த ஸ்விட்ச் கட்டைவிரல் அளவுதான். கேஸ் போகும் குழாயில் உட்கார்ந்திருக்கும். உள்ளே அழுத்தம் சுமார் 2 பாருக்குக் கீழே இறங்கினால் கம்ப்ரசரை நிறுத்திவிடும். ஏனென்றால் கம்ப்ரசருக்கு எண்ணெயைச் சுமந்து வருவதே அந்த கேஸ்தான். எண்ணெய் இல்லாமல் ஓடினால் கம்ப்ரசர் இறுகிப்போகும். அழுத்தம் 30 பார் அளவுக்கு ஏறினாலும் நிறுத்திவிடும். இல்லாவிட்டால் குழாய் தாங்காது.

அந்தக் காலத்தில் கார் ஏசியில் இருந்தது ஆர்-12 என்ற குளோரோபுளோரோகார்பன். தீப்பிடிக்காது, விஷமில்லை என்று கொண்டாடினார்கள். கசிந்தாலும் யாரும் கவலைப்படவில்லை.

தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன், 11 வயதில் குடும்பத்துடன் பெங்களூர் போனார். தமிழில் படித்த பையனுக்கு அங்கே பாடமெல்லாம் ஆங்கிலத்தில். ஆசிரியர் சொல்வது புரியாமல், எதையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் முடித்து, செகந்திராபாத்தில் குளிர்பதனக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, இந்த கேஸ் ஏன் கசிகிறது என்று பார்ப்பது!

பிறகு அமெரிக்கா சென்றார். 1974இல் மொலினா, ரோலண்டு என்ற இரு விஞ்ஞானிகள், இந்த கேஸ் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எழுதினார்கள். ராமநாதனுக்கு இந்த கேஸ் ஏற்கெனவே பழக்கமானது. அது வெப்பத்தையும் பிடித்து வைக்குமா என்று கணக்குப் போட்டார். 1975இல் 'சயின்ஸ்' இதழில் விடை வந்தது. இதன் ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்சைடைப் போல் 10,000 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992இல் இந்தியா சேர்ந்தது. ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனைத் தொடாது, ஆனால் சூட்டைப் பிடிக்கும். அதனால் 2016இல் கிகாலியில் இதையும் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தார்கள்.

மாணவர்களே, ஒரு கணக்கு. சின்ன காரில் சுமார் 400 கிராம் ஆர்-134ஏ இருக்கும். அது கார்பன் டை ஆக்சைடைப் போல் 1,430 மடங்கு. பெருக்கினால் 572 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வரும். வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 250 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம்!

போன கோடையில் எங்கள் மருமகப்பிள்ளையின் பழைய காரில் ஏசி நின்றது. ஒரு பட்டறையில் கம்ப்ரசரையே மாற்றச் சொன்னார்கள். இன்னொரு மெக்கானிக் தம்பி நிதானமாகப் பார்த்தார். முதலில் ஃபியூஸ், ரிலே. பிறகு கேஜ் மாட்டி அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. ஸ்விட்ச்சின் இணைப்பைக் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் ஒரு நொடி தொட்டார். கிளட்ச் 'டக்' என்று பிடித்தது. பழுது ஸ்விட்ச்சில்தான்! அந்த காரில் ஸ்விட்ச்சுக்கு அடியில் வால்வு இருந்ததால், கேஸை இறக்காமலே புது ஸ்விட்ச்சும் ஓ-ரிங்கும் போட்டுவிட்டார். எல்லா காரிலும் அப்படி வால்வு இருக்காது. மூன்று ஒயர் உள்ள சென்சார் என்றால் இப்படித் தொட்டுப் பார்க்கவும் கூடாது.

கேஜில் அழுத்தம் குறைவாகக் காட்டினால், ஸ்விட்ச் உண்மையைத்தான் சொல்கிறது. ஒயர் போட்டு அதன் வாயை அடைக்காதீர்கள். கசிவு எங்கே என்று கண்டுபிடித்து அடைத்த பிறகே கேஸ் நிரப்பச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் கேஸை வெளியே திறந்துவிடாமல் மெஷினில் பிடிக்கச் சொல்லுங்கள். பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
தென்னூர்.