காசுக்கும் காதுக்கும் நடுவுல: இன்-இயர் ஹெட்ஃபோன் வந்த வழி

ஆறு வருஷம் உழைச்ச என்னோட இன்-இயர் ஹெட்ஃபோன்ல போன மாசம் இடது பக்கம் போயிடுச்சு. புதுசு வாங்கலாம்னு தேட ஆரம்பிச்சா, பத்தாயிரம், ஐம்பதாயிரம், ஒரு லட்சம்னு விலை ஏறிக்கிட்டே போகுது. சுண்டு விரல் நுனி அளவுக்கு இருக்கிற பொருள். இதுக்குள்ள அப்படி என்னதான் வெச்சிருக்கான்? ரிவ்யூ படிக்க உக்காந்தவன் கடைசில தொழிற்சாலைச் சட்டத்தைப் படிச்சிட்டு இருந்தேன். அங்க எப்படிப் போய்ச் சேர்ந்தேன்னு சொல்றதுதான் இந்த எபிசோட்.

முதல்ல என் ஊர். நான் கும்மிடிப்பூண்டி. வாரத்துல மூணு நாள் லோக்கல் ட்ரெயின்ல சென்ட்ரல் போய், அங்கேர்ந்து ஆபீஸ். பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர்னு அந்த லைனே ஒரு தொழிற்சாலை வரிசை. ஜன்னல் கண்ணாடி ஏத்தவே முடியாத பெட்டி, ஹாரன், தண்டவாள இணைப்புல தடக் தடக். இதுக்கு நடுவுல பாட்டு கேக்கணும்னா ஒரே வழி, வால்யூமைக் கூட்டுறது. எல்லாரும் அதைத்தான் செய்றாங்க. பக்கத்து சீட்டுக்காரர் என்ன பாட்டு கேக்குறார்னு எனக்கே தெரியும்.

இந்த லைன்ல மின்சார ட்ரெயின் ஓட ஆரம்பிச்சது 1979. அதே வருஷம் ஜூலை 1-ஆம் தேதி ஜப்பான்ல சோனி வாக்மேன் விற்பனைக்கு வந்துச்சு. பயணத்துல தனியா பாட்டு கேக்குற பழக்கமே அங்கேர்ந்துதான் பரவுச்சு. அதே 1979-ல அமெரிக்காவுல மீட் கில்லியன்னு ஒருத்தர் தன்னோட முனைவர் பட்ட ஆய்வை முடிச்சார். தலைப்பு பாட்டைப் பத்தினது இல்ல. காது கேக்காதவங்க மாட்டுற செவித்துணைக் கருவியை எப்படி நல்ல ஸ்டீரியோ தரத்துக்குக் கொண்டு வர்றதுங்கறது. மூணுக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. ஆனா என் பையில கிடந்த அந்தச் செத்துப்போன ஹெட்ஃபோன்ல மூணும் வந்து சேர்ந்துச்சு.

கொஞ்சம் பின்னாடி போவோம். காதுக்குள்ள சொருகுற ஹெட்ஃபோன் புதுசுன்னு நெனச்சுட்டு இருந்தேன். இல்ல. 1891-லயே எர்னஸ்ட் மெர்காடியேங்கிற பிரெஞ்சுக்காரர் ரெண்டு காதுலயும் சொருகுற ஒரு தொலைபேசிக் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருக்கார். வெளிச் சத்தம் உள்ள வராம இருக்க நுனியில ரப்பர் உறை வேற. இன்னைக்கு நாம சிலிக்கான் டிப்னு சொல்ற அதே யோசனை. ஆனா அதுக்குள்ள வெக்கிற அளவுக்குச் சின்னதா, நல்லா ஒலி தர்ற கருவி அப்ப கிடையாது.

அந்தக் கருவிக்கான விதை 1910 வாக்குல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல விழுந்துச்சு. நத்தானியேல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில ஹெட்ஃபோன் செஞ்சு அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதிச்சுப் பார்த்த கடற்படை ஆர்டர் கொடுத்துச்சு. அவர் பயன்படுத்தின தத்துவத்துக்குப் பேரு பேலன்ஸ்டு ஆர்மேச்சர். தராசு முள்ளை நெனச்சுக்கோங்க. ரெண்டு காந்தத்துக்கு நடுவுல ஒரு மெல்லிய இரும்புத் தகடு, எந்தப் பக்கமும் சாயாம நிக்குது. சுத்தியிருக்கிற கம்பிச் சுருள்ல மின்சாரம் போனா தகடு இம்மி அளவு சாயும். அந்தச் சாய்வு ஒரு ஊசி வழியா மெல்லிய சவ்வைத் தள்ளும், சத்தம் வரும். முள் ஏற்கெனவே நடுவுல நிக்கிறதால அதைச் சாய்க்க ரொம்பக் கொஞ்சம் மின்சாரம் போதும்.

கொஞ்சம் மின்சாரம், சின்ன உருவம். இது ரெண்டும் யாருக்கு உயிர்போற தேவை? பாட்டு கேக்குறவங்களுக்கு இல்ல. சட்டைப்பையில பேட்டரியோட அலையுற காது கேளாதவங்களுக்கு. 1946-ல ஹ்யூ நோல்ஸ் ஆரம்பிச்ச கம்பெனி, இந்த ஆர்மேச்சரைச் சுருக்கிச் சுருக்கி அரிசி மணியை விடக் கொஞ்சம் பெருசுங்கற அளவுக்குக் கொண்டு வந்துச்சு. செவித்துணைக் கருவி உலகத்துல நோல்ஸ்ங்கிறது, கார் உலகத்துல பாஷ் மாதிரி. வெளியில வேற பேர் இருக்கும், உள்ள இவங்க சரக்கு இருக்கும்.

கில்லியனும் நோல்ஸ்ல வேலை பார்த்தவர்தான். 1983-ல வெளிய வந்து எடிமோட்டிக் ரிசர்ச்னு தனிக் கம்பெனி ஆரம்பிச்சார். 'காதுக்கு உண்மையா' அப்படிங்கிற அர்த்தத்துல வெச்ச பேரு. அவங்க முதல்ல செஞ்ச முக்கியமான பொருள்கள்ல ஒண்ணு, செவித்திறன் சோதனைக்கு டாக்டர்கள் பயன்படுத்துற இன்-இயர். மஞ்சள் ஃபோம் நுனியை அமுக்கிக் காதுல விட்டா அது விரிஞ்சு அடைச்சுக்கும். அந்த ஃபோமும் இரவல். 1970-களின் தொடக்கத்துல அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குன்னு வந்த மஞ்சள் இயர்ப்ளக் அது. இந்த அறிவை எல்லாம் சேர்த்து 1991-ல இசை கேக்குறதுக்குன்னு இஆர்-4 வந்துச்சு. இன்னைக்கு ஹை-எண்ட் இன்-இயர்னு நாம சொல்றதுக்கெல்லாம் மூத்தவர் அதுதான்.

இங்க ஒரு சின்ன எஞ்சினியரிங் விஷயம், பிடிச்சவங்களுக்கு. நம்ம காதுக்குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு முனை மூடினது. புல்லாங்குழல் மாதிரி அதுக்கும் சொந்தமா ஒரு சுருதி உண்டு. கணக்குப் போட்டா 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். வெளியேர்ந்து வர்ற சத்தத்துல அந்தப் பகுதியைக் காதே தூக்கிக் கொடுக்குது. குழாயை அடைச்சுட்டா அந்த உதவி போயிடும், அதை ஹெட்ஃபோன்தான் திருப்பிக் கொடுக்கணும். எவ்வளவு கொடுக்கணும்ங்கறதுதான் ஹார்மன் டார்கெட், அது இதுன்னு ஃபோரம்ல இன்னைக்கு வரைக்கும் நடக்குற சண்டை. இந்த 3,000-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

நாலு வருஷம் கழிச்சு, 1995. வான் ஹேலன் ராக் குழுவோட மேடை ஒலிப்பொறியாளர் ஜெர்ரி ஹார்வி. ட்ரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்கு மேடைச் சத்தம் தாங்க முடியல. அவருக்காக, காதுல அச்சு எடுத்து, செவித்துணைக் கருவிக்கான அந்தக் குட்டி ஆர்மேச்சர்களை உள்ள வெச்சு, ஹார்வி ஒரு ஜோடி செஞ்சார். அல்டிமேட் இயர்ஸ் கம்பெனி அப்படிப் பொறந்துச்சு. இன்னைக்கு மேடையில பாடகர் காதுல பார்க்கிறதுல நிறைய அந்த வம்சம். சீனாவோட செங்டு, ஷென்சென் கம்பெனிகள் வந்து விலையை உடைச்ச கதை தனி எபிசோட் கேக்குது, இப்ப வேணாம்.

ஆக, என் ஹெட்ஃபோன் மூணு பொருளோட கூட்டு: செவித்துணைக் கருவியோட ரிசீவர், தொழிற்சாலை இயர்ப்ளக், காது அச்சு. மூணுமே காதைக் காப்பாத்த, இல்ல கெட்டுப்போன காதுக்கு உதவ வந்தவை.

இந்த இடத்துலதான் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டையும் சுத்துவட்டாரத்தையும் தெரிஞ்சவங்களுக்கு ரோலிங் மில் என்னன்னு சொல்லத் தேவையில்ல. பழுக்கக் காய்ச்சின இரும்பு உருளைகளுக்கு நடுவுல பாய்ஞ்சு கம்பியா வெளிய வரும். வெட்டுற இடத்துல நின்னா பக்கத்துல இருக்கிறவர் கத்தினாலும் கேக்காது, எல்லாம் சைகைதான். அப்பா அப்படி ஒரு மில்லுல 22 வருஷம். இயர்ப்ளக் கொடுப்பாங்களான்னு கேட்டேன். "பஞ்சு வெச்சுக்குவோம்"னார்.

இப்ப அவருக்கு 'காசு', 'காது' ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. சத்தமா பேசினாலும் அப்படித்தான். இரைச்சலால வர்ற செவித்திறன் இழப்பு முதல்ல அடிக்கிறது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல. காதுக்குழாய் 3,000 பக்கத்துல சத்தத்தைத் தூக்கிக் கொடுக்குதுன்னு சொன்னேன்ல, அதுக்குக் கொஞ்சம் மேலதான் முதல் அடி விழும். ச, ஸ மாதிரி எழுத்துகளோட கூர்மை இருக்கிறது அந்த மேல் பகுதியில. உயிரெழுத்து கேக்கும், வார்த்தை புரியாது. "காதுல விழுது, என்னன்னு தெரியல"ன்னு அப்பா சொல்றது அப்படியே ஆடியோகிராம் வரைபடம்.

சட்டத்துல இதுக்கு இடம் இருக்கு. போபாலுக்கு அப்புறம் 1987-ல தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினாங்க. அதோட மூன்றாவது அட்டவணையில, அரசுக்கு அறிவிச்சே ஆகணும்னு சொன்ன நோய்கள்ல இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் ஒண்ணா இருந்துச்சு. நம்ம தொழிற்சாலைகளுக்கு வழக்கமா எடுத்துக்கிற வரம்பு, நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். 2019-ல உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் ஹெட்ஃபோன்ல பாட்டு கேக்குறதுக்கு ஒரு தரநிலை வெளியிட்டாங்க. அதுல 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறினா நேரம் பாதி. அந்தக் கணக்குல 90-க்கு வாரத்துக்கே 4 மணி நேரம்தான். இங்க பாட்டு கேக்குறவனுக்கு ஒரு வாரம் முழுக்கக் கிடைக்கிற பங்கை, அங்க இரும்பு வெட்டுறவர் ஒரே நாள் வேலையில பாதியிலேயே எட்டிடுவார். ரெண்டு வரம்பும் ஒரே நோக்கத்துக்குப் போட்டதில்லன்னு தெரியும். ஆனாலும் காது ஒண்ணுதானே?

சரி, என்ன வாங்கினேன்? இவ்வளவு படிச்சதுக்கு அப்புறம் என் வரிசையே மாறிப்போச்சு. முன்ன எத்தனை ட்ரைவர்னு பார்ப்பேன். இப்ப முதல் கேள்வி, காதை எவ்வளவு நல்லா அடைக்குது? நல்லா அடைச்சா எண்ணூர் தாண்டும்போதும் வால்யூமை ஏத்த வேண்டாம். நாய்ஸ் கேன்சலிங் வயர்லெஸ் தப்பு இல்ல, ட்ரெயினோட அடித்தள உறுமலை அழகா அமுக்குது. ஆனா உள்ள ஒட்டி வெச்ச குட்டி பேட்டரி சில வருஷத்துல சோர்ந்துடும்; மாத்த வழி இல்ல. அதனால வயர்தான். வயர் கழட்டி மாட்டுற டூ-பின் மாடல். அறுந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல வேற ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம். ஃபோம் டிப், மாசத்துக்கு ஒருக்கா ஃபில்டர் சுத்தம். நம்ம ஊர் வேர்வைக்கும் காதழுக்குக்கும் அது அடைக்காம இருந்தாதான் அதிசயம். ஒரு லட்சம் எல்லாம் இல்ல, நெனச்சு வெச்சிருந்த பட்ஜெட்ல பாதி கூட ஆகல. ஒரே ஒரு எச்சரிக்கை: இவ்வளவு அடைக்கிற சாமானை மாட்டிக்கிட்டுத் தண்டவாளம் பக்கம் நடக்காதீங்க. ஸ்டேஷன்ல கழட்டிடுங்க.

மீதிப் பணம் வேற ஒண்ணுக்குப் போச்சு. அப்பாகிட்ட ஒரு செவித்துணைக் கருவி உண்டு, ரெண்டு வருஷமா பீரோவுல தூங்குது. மாட்டினா உய்ய்னு விசில் அடிக்குதுன்னு கழட்டி வெச்சுட்டார். பழுதுன்னுதான் வீட்ல நெனச்சோம். விசில் ஏன் வருதுன்னா, ரிசீவர்லேர்ந்து வர்ற சத்தம் இடுக்கு வழியா வெளிய கசிஞ்சு திரும்ப மைக்குக்குள்ள போகுது. கூடவே வந்த ரெடிமேட் டிப் அவர் காதுக்குச் சேரல, அவ்வளவுதான். சென்னையில ஒரு செவித்திறன் நிபுணர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பிசைஞ்ச சிலிக்கானைக் காதுல நிரப்பி, அஞ்சு நிமிஷத்துல அச்சு எடுத்தாங்க. அலெக்ஸ் வான் ஹேலனுக்கு எடுத்த அதே மாதிரி அச்சு. முழுசா அடைச்சா தன் குரலே பானைக்குள்ள பேசுற மாதிரி கேக்கும்னு அதுல சின்னதா ஒரு துளை விட்டுக் கொடுத்தாங்க.

விசில் நின்னுடுச்சு. தெருவுல மாட்டிக்கிட்டுப் போக அவருக்கு இன்னும் பிடிக்கல, ஹாரன் தலைக்குள்ள அடிக்குதாம். வீட்ல மட்டும் மாட்டுறார். டிவி வால்யூம் 40-லேர்ந்து 22-க்கு வந்திருக்கு. இப்ப சமையல்கட்டுலேர்ந்து சீரியல் கேக்க மாட்டேங்குதுன்னு அம்மாதான் சத்தம் போடுறாங்க.