பத்தூர்க் கூத்தனும் டாக்டர் நாகசாமியும்

தஞ்சைத் தரணியில் பத்தூர் என்றொரு சிற்றூர். அங்கே விசுவநாத சுவாமிக்குப் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட ஆலயம் ஒன்று உண்டு. காலப்போக்கில் பூசை நின்றது, சுவர்கள் சரிந்தன, சிவலிங்கம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 1976ஆம் ஆண்டில் அவ்வூர்த் தொழிலாளி ஒருவர் தம் குடிசையருகே மண்ணைத் தோண்டியபோது ஆடவல்லானின் செப்புத் திருமேனி வெளிப்பட்டது. முற்காலத்தில் ஆபத்து நேர்ந்தவிடத்து உற்சவ மூர்த்திகளைப் பூமிக்குள் புதைத்துக் காப்பது நம் முன்னோர் வழக்கம். அவ்வாறு காக்கப்பட்ட பெருமான் கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தார். 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று இரண்டரை இலட்சம் பவுன் கொடுத்து அவரை வாங்கியது. செப்பனிடுவதற்காக இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவரப்பட்டபோது காவல்துறையினர் கைப்பற்றினர். வழக்கும் மூண்டது.

இலண்டனில் இருப்பவர் பத்தூர்ப் பெருமான்தாம் என்று நிறுவுவது எங்ஙனம்? புகைப்படமில்லை; பதிவேடில்லை. இப்பணிக்கு உரியவராக அமைந்தவர்தாம் டாக்டர் இரா. நாகசாமி.

1930ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் பிறந்த இப்பெருந்தகை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வடமொழியில் முதுகலைப் பட்டம் பெற்றவர். 1959இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராகப் பணியேற்றார். 1966 முதல் 1988 வரை தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் முதல் இயக்குநராக விளங்கினார். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலும், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கட்டிய கோட்டையும், எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த இல்லமும் அவர் காலத்தில் பேணப்பட்டன. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் அகழாய்வு நடைபெற்றது. செங்கம் வட்டாரத்து வயல்களிலும் காடுகளிலும் கேட்பாரற்று நின்ற நடுகற்களின் எழுத்துகளைத் தொகுத்து 1972இல் நூலாக்கினார். அலுவலகக் கோப்புகளோடு நின்றுவிடாமல், மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் கல்வெட்டுப் பயிற்சி அளித்தும், குறைந்த விலைக் கையேடுகள் வெளியிட்டும் ஊர்மக்களையே காவலர்களாக்க முயன்றார். தமிழுக்கும் வடமொழிக்கும் உள்ள உறவு பற்றி அவர் பிற்காலத்தில் எழுதியவற்றைத் தமிழறிஞர் பலர் ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் செப்புத் திருமேனிகளைக் கண்டறியும் கலையில் அவருக்கிருந்த புலமையை எவரும் மறுத்ததில்லை.

அப்புலமை இலண்டனில் கைகொடுத்தது. நம் ஸ்தபதிகள் முதலில் மெழுகினால் உருவம் செய்வர். அதன்மேல் களிமண் பூசிச் சூடேற்றுவர். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். பின்னர் மண்கருவை உடைத்தெடுப்பர். கரு உடைந்துபோவதால் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. எனினும் ஓர் ஆலயத்துக்கென ஒரே பட்டறையில் பிறந்த திருமேனிகளில், ஆடையின் மடிப்பிலும் அணிகலனிலும் முகத்தின் அமைதியிலும் கைவண்ணம் ஒத்திருக்கும். பத்தூரில் அதே மண்ணில் கிடைத்த வேறு திருமேனிகளோடு இலண்டன் நடராசரை ஒப்பிட்டு, இவர்கள் ஒரே குடும்பத்தினர் என்று நாகசாமி சாட்சியமளித்தார். எதிர்த்தரப்பு வல்லுநர் மறுத்துரைத்தார். திருமேனியில் படிந்த மண்ணும், உலோகக் கலவையும், கறையான் விட்டுச்சென்ற தடயமும்கூட ஆராயப்பட்டன.

அவர் பணி ஓய்வு பெற்ற அதே 1988ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. இவர் பத்தூர் நடராசரே என நீதிபதி ஏற்றார். அதனினும் வியப்பு ஒன்றுண்டு. உரிமை கோரியவர்களுள் இந்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் ஆலயத்தின் தக்காரும் மட்டுமன்றி, ஆலயமும் சிவலிங்கமும் இருந்தனர்! கோயில் எழுப்பிய அடியவரின் பக்தி நோக்கம் எட்டு நூற்றாண்டுக்குப் பின்னும் அழியவில்லை. அஃது அசையாதிருந்த அந்த லிங்கத்தில் உயிரோடிருக்கிறது என்னும் கருத்தை நீதிமன்றம் ஏற்றது. இடிந்த ஆலயமும் தன் தெய்வத்தைக் கேட்டுப் பெறலாம் என்றாயிற்று. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆலயத்தின் உரிமையை உறுதிசெய்தது. அவ்வாண்டே பெருமான் தாயகம் திரும்பினார்.

இதற்கிடையில் 1981ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி விழா தொடங்கியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. தில்லைக் கூத்தன் திருமுன்னர் நாட்டியக் கலைஞர்கள் ஆடி வழிபடும் அவ்விழா, சிவராத்திரியை ஒட்டி நடைபெறுவது. நடராசர் நீதிமன்றத்தில் ஆராய்ந்து காட்டும் பொருளாக மட்டும் ஆகிவிடக் கூடாது என்னும் கவலை அவருக்கு இருந்ததுபோலும்.

2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்தது. 2022 ஜனவரி 23ஆம் நாள் சென்னையில் தமது 91ஆம் வயதில் மறைந்தார். அவர் மீட்கத் துணைநின்ற பத்தூர்ப் பெருமானோ, தாயகம் திரும்பியும் தம் ஊர் ஆலயத்துள் எழுந்தருளவில்லை. பாதுகாப்பின் பொருட்டுத் திருவாரூரிலுள்ள சிலைகள் காப்பகத்தில் வைக்கப்பட்டார்.