நூல் அறுக்கும் புண்

இதை எழுதலாமா என்று கொஞ்சம் தயங்கினேன். ஆனால் நம் வயதில் நாலு பேர் கூடினால் சர்க்கரை, முழங்கால், கண்புரை என்று எல்லாம் பேசுகிறோம், ஆசனவாயில் வலி என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பேருந்து நிலையச் சுவர்களில் "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்" என்று பெயின்டில் எழுதியிருப்பதை ஓரக்கண்ணால் படித்துவிட்டுப் போவதோடு சரி.

எங்கள் அம்மையார்குப்பம் தறிக்காரர்களின் ஊர். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரும் குறைத்துக் குடிப்பார்கள். மலச்சிக்கலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. துத்தி இலையும் கருணைக்கிழங்கும் எங்கள் வீடுகளில் ஏன் அவ்வளவு புழங்கின என்பது எனக்குப் பெரியவனான பிறகுதான் புரிந்தது.

வியாதி மிகப் பழையது. சுசுருதர் குணமாக்கக் கடினமானவை என்று எட்டு நோய்களைச் சொன்னார். அதில் மூலமும் ஒன்று, பௌத்திரமும் ஒன்று. நம் சித்தர்களில் யூகி முனிவர் மூலத்தை மட்டும் 21 வகையாகப் பிரித்தார். அரசனுக்கும் இது விலக்கல்ல. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருக்குப் பௌத்திரம் வந்து, 1686 நவம்பர் 18 அன்று ஃபெலிக்ஸ் என்ற அறுவை வைத்தியர் கத்தி வைத்தார். மயக்க மருந்து இல்லாத காலம். மன்னர் மேல் கை வைக்கும் முன் ஏழைகள் பலரை அறுத்துப் பழகிக்கொண்டாராம். அந்த ஏழைகள் என்ன ஆனார்கள் என்பதில்தான் என் மனம் நிற்கிறது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சும் 1841-ல் இதே அறுவையை மயக்கமில்லாமல் தாங்கியவர். அவருக்குச் செய்த ஃபிரெடரிக் சால்மன், 1835-லேயே லண்டனில் இந்த நோய்களால் அவதிப்பட்ட ஏழைகளுக்கென்று ஏழு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை தொடங்கியிருந்தார். அதுதான் பின்னால் செயின்ட் மார்க்ஸ் ஆனது.

நெசவாளி வீட்டுப் பிள்ளையான எனக்குப் பிடித்தது காரநூல் கதை. லினன் நூலில் இலைக்கள்ளிப் பாலை 11 முறை பூசி உலர்த்துவார்கள். பிறகு பாலும் நாயுருவி உப்பும் 7 முறை, பாலும் மஞ்சளும் 3 முறை. ஆக 21 பூச்சு. பாவுக்குக் கஞ்சி போடுவதுபோல ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. பௌத்திரத்தின் புரை வழியாக இந்த நூலை நுழைத்துக் கட்டிவிட்டால், வாரத்துக்கு அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை மெல்ல அறுத்துக்கொண்டே பின்னால் ஆற்றிக்கொண்டும் வரும். வாரம் ஒருமுறை புது நூலைப் பழைய நூலின் நுனியில் முடிந்து இழுத்துவிடுவார்கள். தறியில் பழைய பாவு முடியும்போது நாம் செய்வதும் இதைத்தானே!

ஏடுகளில் கிடந்த இந்த முறையை 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. ஜே. தேஷ்பாண்டே குழுவினர் மீட்டெடுத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளில் இதை அறுவையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1991-ல் முடிவை வெளியிட்டது. ஆறுவதற்கு நூலில் 8 வாரம், கத்தியில் 4 வாரம். ஆனால் நோய் திரும்பியது நூலில் 4 சதவீதம், கத்தியில் 11. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் காரநூல் சிகிச்சை உண்டு.

எல்லா வலிக்கும் நூல் கிடையாது. மலம் போகும்போது கண்ணாடி கீறினாற்போல் வலித்து, பிறகும் மணிக்கணக்கில் எரிந்தால் பெரும்பாலும் ஆசனவெடிப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் உட்காருவதும் நார்ச்சத்தும் மருந்துக் களிம்புமே பலருக்குப் போதும். திடீரென்று வலிக்கும் கட்டி என்றால் மூலத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். காய்ச்சலோடு விண்விண் என்று தெறித்தால் சீழ்க்கட்டி. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சாதாரண உள்மூலம் வலிக்காது, ரத்தம் மட்டும் போகும்.

அங்கேதான் என் பெரியப்பா ஏமாந்தார். ரத்த மூலம் என்று ஒரு வருஷம் சூரணம் சாப்பிட்டார். யாரும் விரல் விட்டுப் பார்க்கவில்லை, அவரும் பார்க்க விட்டிருக்க மாட்டார். இளைத்துப்போன பிறகு சென்னைக்குக் கூட்டிப்போனோம். புற்று என்றார்கள். திரும்பி வந்து, எட்டு முழம் பாக்கியிருந்த பாவை நெய்து முடித்துவிட்டுத்தான் படுத்தார்.