எக்ஸ்ட்4: எழுதப்படாத தரவின் கணக்கு

எக்ஸ்ட்4 என்பது லினக்ஸில் பரவலாகப் புழங்கும் ஜர்னல் வகைக் கோப்பு முறைமை. 2006-இல் கர்னல் 2.6.19-இல் சோதனை வடிவில் சேர்ந்து, 2008 டிசம்பரில் 2.6.28-இல் நிலைபெற்றது. வட்டுக்குப் போகாத தரவுக்கு அது கணக்கு வைக்கும் முறை படிப்படியாகத் திருந்தி வந்தது.

தாமத ஒதுக்கீடு

முந்தைய கோப்பு முறைமையான எக்ஸ்ட்3, நிரல் எழுதும்போதே வட்டில் இடம் ஒதுக்கிவிடும். எக்ஸ்ட்4-இல், 2.6.27 முதல், தரவு நினைவகத்தில் காத்திருக்கிறது. காலி இடக் கணக்கில் மட்டும் உடனே கழிக்கப்படுகிறது. வட்டின் எந்த பிளாக்கில் (சிறு பகுதியில்) எழுதுவது என்பது வட்டுக்கு அனுப்பும்போதுதான் முடிவாகிறது. இதனால் கோப்புகள் சிதறுவது குறைகிறது. தோன்றிய வேகத்தில் அழியும் தற்காலிகக் கோப்புகள் வட்டைத் தொடுவதே இல்லை. அலெக்ஸ் தோமஸ் தொடங்கிய இப்பணியை ஐபிஎம்மின் மிங்மிங் காவோ, இந்தியப் பொறியாளர் அனீஷ் குமார் ஆகியோர் முன்னெடுத்தனர்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. எழுதிய தரவு வட்டை எட்டாமல் தொலையக்கூடிய ஆபத்து நேரம், எக்ஸ்ட்3-இல் சுமார் 5 நொடியாக இருந்தது, இங்கே 30 நொடி அல்லது அதற்கும் மேலானது. கணினி திடீரென நின்றால் புதுக் கோப்புகள் வெறுமையாகிவிடுவதாக 2009-இல் புகார்கள் எழுந்தன. பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைக்கும்போது தரவை உடனே வட்டுக்கு அனுப்பும் திருத்தத்தை தியோடர் சோ செய்தார், அது 2.6.30-இல் வந்தது. 2012-இல் திண்டுக்கல் போன்ற மாவட்டங்கள் நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டில் தவித்தன. யு.பி.எஸ். இல்லாத மேசைக்கணினிக்கு அந்த அரை நிமிடம் எவ்வளவு பெரிது என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

முன்பதிவு

இடம் ஒதுக்கியும் தரவு எழுதப்படாத நிலை வேறு. கோப்புக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்க, ஐபிஎம் இந்தியாவின் அமித் அரோரா உருவாக்கிய ‘ஃபாலோகேட்’ அழைப்பு 2007-இல் 2.6.23-இல் சேர்ந்தது. இப்படி ஒதுக்கிய தொடர் பிளாக்குகளை, அதாவது எக்ஸ்டென்டை, ‘எழுதப்படாதது’ எனக் குறிக்க அதன் நீளப் புலத்தின் ஒரு பிட்டே போதுமானது. அதைப் படித்தால் பூஜ்ஜியங்களே கிடைக்கும். அந்த இடத்தில் முன்பிருந்த பிறர் தரவு வெளிப்படாது.

நிலை மரம்

பிளாக் முடிவாகாமல் காத்திருக்கும் தாமதத் தரவு எங்கெங்கே இருக்கிறது என்பதை அறிய, முதலில் நினைவகப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டியிருந்தது. 2013-இல் 3.8 கர்னல் ஒவ்வொரு கோப்புக்கும் நினைவகத்தில் ஒரு சிவப்பு-கருப்பு மரத்தை (விரைவாகத் தேட உதவும் தரவு அமைப்பை) வைத்து, தாமதப் பகுதிகளை அதில் பதிந்தது. 3.9-இல் ஜெங் லியூவின் பணியால், எழுதியவை, எழுதப்படாதவை, வெற்றிடங்கள் ஆகியவையும் மரத்தில் ஏறின. நினைவகம் நெருக்கடியானால் தாமதப் பதிவு தவிர்த்த மற்றப் பதிவுகளைக் கர்னல் கழித்துவிடலாம். அவற்றை வட்டிலிருந்து மீண்டும் படிக்க முடியும். தாமதப் பதிவுக்கு வட்டில் நகல் இல்லை என்பதால் அதைக் கழிப்பதில்லை.

பல பிளாக்குகளை ஒரே கொத்தாக ஒதுக்கும் ‘பிக்அல்லாக்’ வசதியில், தாமதத் தரவுக்காகக் கழித்துவைத்த இடத்தின் எண்ணிக்கை தொடர்ந்து பிசகியது. எரிக் விட்னி இந்த மரத்தையே ஆதாரமாகக் கொண்டு அதைச் சீராக்கினார். 2018-இல் அது 4.20-இல் வெளியானது. இடம் தருவதாக வாக்களித்துவிட்டு எழுதுவதைத் தள்ளிப்போடும் முறைமை நம்பத்தக்கதாவது, அந்த வாக்குகளின் எண்ணிக்கை எப்போதும் சரியாக இருக்கும்போதுதான்.