ஆடையின் முகவரியும் தொழிலாளியின் பாதுகாப்பும்

ஓர் ஆடை எந்த ஆலையில் தைக்கப்பட்டது என்பதைப் பொதுவில் வெளியிடுவதே ஆடைத் தொழிலில் வெளிப்படைத்தன்மையின் முதல் படி. எச் அண்ட் எம் நிறுவனம் 2013இல் தனக்குத் தைத்துத் தரும் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டது. இன்று ‘ஓப்பன் சப்ளை ஹப்’ இணைய வரைபடத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி என ஊர்ப்பெயர் இட்டும் ஆலைகளைத் தேடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம், பொருள்களுக்கு டிஜிட்டல் கடவுச்சீட்டு வழங்க வழிசெய்கிறது. எனினும் அதன் முதன்மை நோக்கம் சுற்றுச்சூழலே.

முகவரி தெரிவதால் மட்டும் ஆலைக்குள் நடப்பது தெரிந்துவிடாது. எச் அண்ட் எம்முக்கு ஆடை தைத்த, திண்டுக்கல் மாவட்ட நாச்சி அப்பேரல் ஆலையில் பணிபுரிந்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனின் போராட்டம் 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்த’மாகக் கனிந்தது. பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் அது தடுக்க முனைகிறது. தொழிலாளரே ஆலைத் தளத்தில் கண்காணிப்பாளர்களாகின்றனர்; ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் நிறுவனம் ஒப்பந்தத்தை மீறினால், ஆடை வாங்கும் நிறுவனம் வணிக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டுள்ளது. கேப், பிவிஎச் நிறுவனங்களும் இதில் இணைந்தன.

ஓசூர் எல்லைப் பகுதியிலும் ஆலையையும் அதனிடம் வாங்கும் நிறுவனத்தையும் வரைபடத்தில் இனங்காண்பது தொடக்கமே. புகார் அளித்தவரைக் காக்கும் சங்கமும், வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமும் இல்லையேல் அத்தகவலால் தொழிலாளிக்குப் பயனில்லை.