கேமரா வைத்த சமையலறை

2007 ஜனவரி. லண்டனை ஒட்டிய எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் கட்டப்பட்ட ஒரு வீடு. சூப்பிலும் குழம்பிலும் ருசிக்குப் போடுகிற ஸ்டாக் க்யூப்பை யார் தீர்த்தது என்று அங்கே பெண்களுக்குள் பெரும் சண்டை. அந்த வாரத்தில் அந்த வீட்டைப் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினார்கள். பாட்னாவில் உருவபொம்மை எரித்தார்கள். இந்தியாவுக்கு வந்திருந்த பிரிட்டன் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் வேறு வேலையாக வந்த இடத்தில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்புக்கு 44 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் போயின.

ஒருபுறம் ஷில்பா ஷெட்டி. 1996இல் ‘மிஸ்டர் ரோமியோ’வில் நாம் பார்த்தவர்தான். மறுபுறம் ஜேட் கூடி. நம் பத்திரிகைகள் இதை இந்தியாவுக்கு நேர்ந்த அவமானமாக எழுதின. அது இனவெறிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜேட் யார், அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எது என்று அப்போது இங்கே யாரும் கேட்டதாக நினைவில்லை.

‘பிக் பிரதர்’ 1999இல் நெதர்லாந்தில் பிறந்தது. ஜான் டி மோலின் எண்டெமால் நிறுவனம் தயாரித்தது. மறு ஆண்டு பிரிட்டனில் சேனல் 4 எடுத்துக்கொண்டது. நடிகர் இல்லை, எழுதி வைத்த கதை இல்லை. முன்பின் தெரியாதவர்களை உள்ளே விட்டு, புத்தகம், தொலைக்காட்சி, தொலைபேசி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். மளிகைக்கு வாரம் இவ்வளவு என்று கணக்கு. டாஸ்க்கில் தோற்றால் அதுவும் குறையும். பசியும் சலிப்பும்தான் கதாசிரியர்கள். நாள் முழுவதும் எடுத்ததில் ஒரு மணிநேரத்துக்கு எது தேறும் என்பதை எடிட்டிங் மேசை முடிவு செய்யும். செய்வதற்கு வேறொன்றும் இல்லாத அந்த வீட்டில் மிஞ்சும் ஒரே உண்மையான வேலை சமைப்பதும் கழுவுவதும். ஆகவே சண்டை அங்கேதான் வெடிக்கும். யார் எவ்வளவு வெங்காயம் போட்டார், யார் கோழியைச் சரியாக வேகவைக்கவில்லை, யாருடைய கை சுத்தம் என்று போகும். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜேட் முதன்முதலாக இந்த விளையாட்டுக்குள் வந்தது 2002இல். தெற்கு லண்டனின் பெர்மாண்ட்சியில் வளர்ந்தவர். பல் மருத்துவரிடம் நர்ஸ் வேலை. அப்பா போதைக்கு அடிமையாகிச் சிறை சென்றவர். அம்மாவுக்கு விபத்தில் ஒரு கை செயலிழந்துவிட, சிறுமியாக இருந்தபோதே அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் ஜேட். வீட்டுக்குள் இருந்தபோதுதான் அவருக்கு 21 வயது முடிந்தது. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பகுதியை வெளிநாடு என்று நினைத்துப் பேசியதற்காக நாடே சிரித்தது. பத்திரிகைகள் அவரைப் பன்றி என்றே எழுதின. அவருடைய உடல், பேச்சு, படிப்பின்மை எல்லாமே நகைப்புக்கு உரியவை ஆயின. உழைக்கும் வர்க்கத்து இளைஞர்களை இழிவாகச் சொல்ல ‘சாவ்’ என்றொரு சொல் அங்கே பரவிய காலம் அது.

நான்காவது இடத்தோடு ஜேட் வெளியே வந்தார். அதன்பின் அவர் செய்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். தன்னைக் கேலி செய்தவர்களிடமே அந்தக் கேலியை விலைக்கு விற்றார். நேர்காணல், உடற்பயிற்சி வீடியோ, சுயசரிதை, 2006இல் தன் பெயரில் ஒரு வாசனைத் திரவியம். திறமை இல்லாமல் புகழ் பெற்றவர் என்று அவரைச் சொன்னார்கள். ஓய்வில்லாமல் தானாகவே இருந்து காட்டுவது ஒரு வேலை இல்லையா? நாள் முழுக்க முகம் சுளிக்காமல் வீட்டில் இருப்பதைப் பெண்ணின் இயல்பு என்று சொல்லி உழைப்புக் கணக்கில் சேர்க்காத அதே பழக்கம்தான் இதுவும்.

2007இல் ‘செலிபிரிட்டி பிக் பிரதர்’ அவரைத் திரும்ப அழைத்தது. இம்முறை அம்மாவையும் காதலன் ஜாக்கையும் சேர்த்து. நிகழ்ச்சி ஒரு வேலை செய்தது. அந்தக் குடும்பத்தை எஜமானர்களாக உட்கார வைத்து, ஏற்கெனவே உள்ளே இருந்த பிரபலங்களில் சிலரை அவர்களுக்குப் பணிவிடை செய்ய வைத்தது. ராக் பாடகர் ஒருவர் மாட்டேன் என்று சுவரேறிக் குதித்தே போய்விட்டார். பெர்மாண்ட்சிக் குடும்பம் எஜமானாக இருப்பதே நகைச்சுவை என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். ஆண்டான் அடிமை விளையாட்டைத் தொடங்கி வைத்தவர்கள் தயாரிப்பாளர்கள். அது இனவெறியாகத் திரும்பியபோது பழி முழுவதும் மூன்று பெண்கள் தலையில் விழுந்தது.

அந்த வீட்டில் ஷில்பா அடிக்கடி சமைத்தார். அவர் கை பட்ட உணவைப் பற்றி ஒருத்தி முகம் சுளித்தாள். ஜேட் அவரை ‘ஷில்பா பப்படம்’ என்றார். அவர் உச்சரிப்பைக் கிண்டல் செய்தார்கள். ஸ்டாக் க்யூப் சண்டையின்போது, நீ ஒருநாள் உன் ஊர்ச் சேரிகளுக்குப் போய்ப் பார் என்கிற பொருளில் ஜேட் கத்தினார். அந்தக் கத்தலில் இனமும் வர்க்கமும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. தன்னைக் கீழே பார்க்கிறாள் என்று தான் நினைத்த பெண்ணை அடிக்க, ஜேட்டின் கைக்குக் கிடைத்த கல் நிறம்.

பத்து ஆண்டுகள் கழித்து, சென்னைக்கு அருகே செம்பரம்பாக்கத்தில் போட்ட செட்டில் தமிழ் ‘பிக் பாஸ்’ தொடங்கியது. முதல் சீசனிலேயே ஒரு பெண் போட்டியாளர் ஓவியாவைக் குறித்து ‘சேரி பிஹேவியர்’ என்றார். பலத்த கண்டனம் எழுந்தது. அங்கே நிறம் செய்ததை இங்கே சாதி செய்தது. பேசியவரை எல்லோரும் திட்டினார்கள். ஒரு நாள் முழுவதின் ஒளிப்பதிவிலிருந்து அந்தச் சொல்லைப் பொறுக்கி எடுத்து ஒளிபரப்பியவர்கள் யார் என்ற கேள்வி மிகக் குறைவாகவே எழுந்தது.

ஜேட் 82 சதவீத வாக்குகளோடு வெளியேற்றப்பட்டார். ஷில்பா வென்றார். வாசனைத் திரவியம் கடைகளிலிருந்து காணாமல் போனது. ஜேட் அழுது மன்னிப்புக் கேட்டதும் நேரலைச் செய்தியானது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவின் ‘பிக் பாஸ்’ இரண்டாம் சீசனுக்கு வந்தார். அதைத் தொகுத்து வழங்கியவர் ஷில்பாவேதான். பாவமன்னிப்பும் ஒரு நிகழ்ச்சியாகிவிட்டிருந்தது. நுழைந்த சில நாட்களிலேயே கன்ஃபெஷன் அறைக்கு அழைக்கப்பட்டார். லண்டனிலிருந்து தொலைபேசி. கருப்பை வாய்ப் புற்றுநோய். பெண்கள் அம்மாவிடம்கூடச் சொல்லத் தயங்குகிற ஒரு சேதியை, கேமராக்கள் நிறைந்த அந்நிய வீட்டில், ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு கேட்டார்.

2009 பிப்ரவரியில் நோய் குணமாகாது என்று தெரிந்தது. ஜாக்கைத் திருமணம் செய்துகொண்டு, அந்தப் படங்களின் உரிமையை ‘ஓகே!’ பத்திரிகைக்கு விற்றார். சாவைக்கூட விற்கிறாள் என்றார்கள். தன் இரண்டு மகன்களின் படிப்புக்குப் பணம் வேண்டும் என்று ஜேட் வெளிப்படையாகச் சொன்னார். தனக்குக் கிடைக்காத பள்ளி பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஒரு தாய் கணக்குப் போட்டதில் எனக்கு எந்த அசிங்கமும் தெரியவில்லை. அசிங்கம் வேறிடத்தில் இருந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே அதே பத்திரிகை நினைவாஞ்சலி இதழை அச்சிட்டுக் கடைக்கு அனுப்பிவிட்டது. மார்ச் 22 அன்று, பிரிட்டனின் அன்னையர் தினத்தில், 27 வயதில் இறந்தார்.

2008 நடுப்பகுதியிலிருந்து 2009 நடுப்பகுதிவரை இங்கிலாந்தில் வழக்கத்தைவிட 4 லட்சத்துக்கும் அதிகமான கருப்பை வாய்ப் பரிசோதனைகள் நடந்தன. ஏற்கெனவே அழைப்புக் கடிதம் வந்தும் போகாமல் இருந்த பல பெண்கள் அப்போது போனார்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் அழைக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அரசு 25லேயே நின்றது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “ஒரு பொண்ணு டிவியில சாகணுமா மேடம், மத்தவங்க டெஸ்ட் எடுக்க?” அவளுக்குத் திண்டுக்கல் மாவட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஷில்பாவுக்காக நாம் கோபப்பட்ட அதே 2007இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. திண்டுக்கல்லில் 30 முதல் 59 வயதுவரையான 49 ஆயிரம் பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்திருந்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸுகள், கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, நிறம் மாறுகிறதா என்று கண்ணாலேயே பார்க்கும் எளிய முறை. அந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. நம் ஊடகங்களில் இதற்கு எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அந்தக் கதையிலும் ஒரு வீடு பூட்டித்தான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, 57 தொகுதிகளில் இருந்த பெண்களுக்கு ஆய்வுக்காரர்கள் அந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை. மாணவி அதைக் கேட்டுவிட்டு, அந்தப் பெண்களிடம் இதைச் சொன்னார்களா என்றாள்.