மின்சார ஸ்கூட்டர் விபத்து இழப்பீடு (இந்தியா)

இந்தியாவில் மின்சார ஸ்கூட்டர் மோதிக் காயமுற்றோர் இழப்பீடு பெறும் வழி, வண்டியின் வகையைப் பொறுத்து வேறுபடுகின்றது.

பதிவு செய்யப்பட வேண்டிய வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாகும். இவற்றால் காயமுற்றோர், மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 164 ஆம் பிரிவின்படி, ஓட்டியவரின் தவற்றை மெய்ப்பிக்காமலேயே உயிரிழப்புக்கு ரூ. 5 இலட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ. 2.5 இலட்சமும் கோரலாம்.

250 வாட்டுக்குக் குறைந்த திறனும், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும், மின்கலம் நீங்கலாக 60 கிலோவுக்கு மிகாத எடையும் கொண்டு உரிய சான்று பெற்றவை மோட்டார் வாகனங்களாகக் கருதப்படுவதில்லை. அவற்றுக்குக் காப்பீடும் கட்டாயமில்லை. எனவே இவை மோதிக் காயமுற்றவர், ஓட்டியவரின் கவனக்குறைவை உரிமையியல் நீதிமன்றத்தில் மெய்ப்பித்தே இழப்பீடு பெற இயலும். ஆயினும் இத்தகைய ஸ்கூட்டரில் செல்பவர் மீது கார், பேருந்து போன்றவை மோதினால் அவர் தீர்ப்பாயத்தை நாடலாம்.

பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வழக்கறிஞர் உதவி பெறலாம்.